ரிங்க்: கோடு கிழித்த தரையின் கதை



இன்றைய தலைப்பு ஒரே ஒரு சொல். ஆங்கிலத்தில் நாலு எழுத்து. தமிழில் 'ரிங்க்'. ஸ்கேட்டிங் ரிங்க் என்று நாளெல்லாம் சொல்கிறோம். ஐஸ் ரிங்க் என்கிறோம், ரோலர் ரிங்க் என்கிறோம். பனிக்கட்டி உறைந்து கிடக்கும் இடமும் ரிங்க். சிமென்ட் பூசிய இடமும் ரிங்க். இரண்டுக்கும் என்ன உறவு? பனியில்லாத ஊரில் அந்தச் சொல்லுக்கு என்ன வேலை? இந்தச் சொல் பிறந்தபோது அதைச் சுற்றி என்ன நடந்துகொண்டிருந்தது?

இரத்தம் சிந்திக்கொண்டிருந்தது. அதுதான் பதில்.

ஸ்காட்லாந்து. 14ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதி. உடலெல்லாம் இரும்புக் கவசம் பூண்ட வீரன் ஒருவன் இந்த முனையில் குதிரைமேல் இருக்கிறான். எதிர் முனையில் அவனைப் போலவே இன்னொருவன். இருவர் கையிலும் நீண்ட ஈட்டி. இடையே நீளமான, வெறும் தரை. சைகை கிடைத்ததும் இரண்டு குதிரைகளும் நேருக்கு நேர் பாய்கின்றன. யார் குதிரையிலிருந்து விழுகிறானோ அவன் தோற்றான். அந்த நீண்ட தரைக்கு ஸ்காட்லாந்துக்காரர்கள் வைத்த பெயர்தான் ரிங்க். வீரர்கள் மோதும் தரை ரிங்க். பந்தயம் ஓடும் தரையும் ரிங்க். சறுக்கு என்ற பேச்சே அதில் கிடையாது.

அவர்களுக்கு அந்தச் சொல் எங்கிருந்து வந்தது? பழைய பிரெஞ்சு மொழியில் 'ரெங்க்' என்று ஒரு சொல் இருந்தது. வரிசை, அணி என்று பொருள். படைவீரர்களை வரிசையாக நிறுத்தினால் அது ரெங்க். ஸ்காட்லாந்துக்கும் பிரான்சுக்கும் அந்தக் காலத்தில் நெருங்கிய கூட்டு. இங்கிலாந்து இருவருக்கும் பொதுப் பகை. சொற்கள் தாராளமாகக் கடல் கடந்தன. ரெங்க் வடக்கே போய் ரிங்க் ஆயிற்று.

அதே ரெங்க் ஆங்கிலத்துக்குள் வேறு வாசல் வழியாகவும் நுழைந்தது. தேர்வு முடிவு வந்ததும் எல்லா வீட்டிலும் கேட்கிறார்களே, 'என்ன ரேங்க்?' என்று, அந்த ரேங்க் இதன் உடன்பிறப்பு. கடையில் விலை விசாரிக்கும்போது 'எந்த ரேஞ்சில் பார்க்கிறீர்கள்?' என்கிறார்களே, அந்த ரேஞ்சும் இந்த வீட்டுப் பிள்ளைதான். அமெரிக்கக் கால்நடைப் பண்ணைக்குச் சொல்லும் 'ராஞ்ச்' ஸ்பெயின் வழியாகச் சுற்றிக்கொண்டு வந்த ஒன்றுவிட்ட சகோதரன். மதிப்பெண் பட்டியலும் மாட்டுப் பண்ணையும் சறுக்கும் தளமும் ஒரே குடும்பம் என்றால் நம்பச் சற்றுக் கடினம்தான். ஆனால் எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது வரிசை, ஒழுங்கு, அளந்து பிரித்த இடம்.

இங்கே ஒரு சந்தேகம் எழும். எழவேண்டும். நம் ஊரில் பாதிப் பேர் இதை 'ஸ்கேட்டிங் ரிங்' என்றே சொல்கிறார்கள். குழந்தைகள் நீள்வட்டமாகச் சுற்றிச் சுற்றி வருகிறார்கள், ரிங் என்றால் வளையம், ஆகவே ரிங்! கணக்கு சரியாக வருவதுபோல் தோன்றும். ஆனால் சொல்லின் நேரடிப் பிறப்பு வளையத்திலிருந்து அல்ல, வரிசையிலிருந்து. குதிரைகள் சுற்றி வரவில்லை, நேர்கோட்டில் பாய்ந்தன.

அத்தோடு விட்டுவிட்டால் 'ரிங்' என்று சொன்னவர்களுக்கு அநியாயம் செய்ததாகும். ஏனென்றால் இன்னும் கொஞ்சம் ஆழமாகத் தோண்டினால் கதை திரும்புகிறது. பிரெஞ்சு 'ரெங்க்' என்ற சொல்லே ஃபிராங்க் இனத்தாரின் பழைய ஜெர்மானிய மொழியிலிருந்து வந்தது. அங்கே அதன் மூலம் 'ஹ்ரிங்'. அதற்குப் பொருள் வட்டம்! வீரர்கள் வட்டமாக அணிவகுத்து நின்றதால் வட்டம் என்ற சொல் அணி என்று ஆகி, அணி வரிசையாகி, வரிசை களமாயிற்று என்று சொல்லாராய்ச்சியாளர்கள் விளக்குகிறார்கள். ஆக, ரிங்கும் ரிங்க்கும் தூரத்து உறவு. ஒரே பாட்டன் வழி வந்து, இடையில் முகவரி மாறிப் போனவர்கள்.

இந்த மேடைக்கும் அந்தப் பாட்டனோடு ஒரு தொடர்பு உண்டு. கூட்டத்தின் நடுவே நின்று உரக்கப் பேசுவதை ஆங்கிலத்தில் 'ஹராங்' என்பார்கள். அது பிரெஞ்சு வழியாக இத்தாலியிலிருந்து வந்தது. இத்தாலியில் அது மக்கள் கூடும் பொது வெளியின் பெயர். அதுவும் அதே 'ஹ்ரிங்' என்ற வட்டத்திலிருந்து வந்திருக்கலாம் என்பது பல அறிஞர்களின் கருத்து. சுற்றி ஆட்கள் நின்றால் நடுவில் ஒருவன் பேசுவான், அல்லது இருவர் மோதிக்கொள்வார்கள். இன்று பேச்சோடு நிற்கிறது என்பதில் அவையோருக்கு ஆறுதல் இருக்கட்டும்.

போர் செய்த தரையின் பெயர் எப்படி விளையாட்டுக்கு வந்தது? தமிழனுக்கு இதில் வியப்பே இருக்கக் கூடாது. 'களம்' என்று சொல்லிப் பாருங்கள். போர்க்களம், நெற்களம், ஆடுகளம். ஒரே சொல். தொல்காப்பியம் வாகைத் திணையில் ஏர் பிடித்தவர் களத்தையும் தேர் ஏறியவர் களத்தையும் அடுத்தடுத்து வைத்துப் பேசுகிறது. களவழி நாற்பது முழுக்கப் போர்க்களம்தான். அதே களம் தஞ்சைப் பக்கத்தில் சாணம் தெளித்து மெழுகிய களத்துமேடு. அதே களம் மதுரையில் கபடிக்குக் கோடு போட்ட மண். தேர்தல் வந்தால் அரசியல்வாதியும் 'களத்தில் இறங்குகிறார்'. வெட்டவெளியிலிருந்து ஒரு துண்டை ஒரு காரியத்துக்கென்று பிரித்து எடுத்தால் அது களம். ஸ்காட்லாந்துக்காரர் ரிங்க் என்று சொன்னதும் இதையேதான்.

இனி பனிக்கு வருவோம்.

போரும் பனியும் சந்தித்துக்கொண்டது இந்தச் சொல்லுக்கும் முந்திய சங்கதி. 12ஆம் நூற்றாண்டில் லண்டனில் வில்லியம் ஃபிட்ஸ்டீஃபன் என்ற பாதிரியார் தம் நகரத்தைப் பற்றி இலத்தீனில் ஒரு வருணனை எழுதினார். நகரின் வடக்கே மூர்ஃபீல்ட்ஸ் என்ற சதுப்பு நிலம். குளிர்காலத்தில் அது உறைந்துவிடும். இளைஞர்கள் விலங்குகளின் கால் எலும்பைக் கணுக்காலில் கட்டிக்கொண்டு, இரும்புப் பூண் வைத்த கம்பைப் பனியில் ஊன்றி ஊன்றி வேகம் பிடிக்கிறார்கள். வேகம் பிடித்துவிட்டுச் சும்மா போகிறார்களா? இல்லை. இருவர் பேசி வைத்துக்கொண்டு வெகு தூரத்திலிருந்து எதிரெதிரே பாய்ந்து வருகிறார்கள். கம்பை உயர்த்தி அடித்துக்கொள்கிறார்கள். கீழே விழுந்தவனுக்குக் கையோ காலோ முறிகிறது. குதிரை வாங்க வசதியில்லாத பையன்களின் ஈட்டிப் போட்டி அது! அந்தப் பையன்கள் ஓடிய பனிக்கு அன்றைக்கு ரிங்க் என்று பெயர் இல்லை. ஆனால் பிற்காலத்தில் அந்தப் பெயர் போய்ச் சேரப் போகிற இடத்தை அவர்கள் முன்கூட்டியே பிடித்து வைத்திருந்தார்கள்.

பெயரைப் பனிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தவர்கள் யார்? சறுக்கியவர்கள் அல்ல. கல் தள்ளியவர்கள்.

கர்லிங் என்ற விளையாட்டை ஒலிம்பிக் சமயத்தில் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். கைப்பிடி வைத்த கனமான கல்லை ஒருவர் மெல்லத் தள்ளி விடுவார். முன்னால் இரண்டு பேர் துடைப்பம் வைத்துப் பனியை விறுவிறுவென்று தேய்த்துக்கொண்டே ஓடுவார்கள். பார்த்தவர் பலருக்கு முதலில் சிரிப்பு வரும். வீட்டைப் பெருக்குவதற்குப் பதக்கமா என்று கேட்கத் தோன்றும். ஆனால் இது ஸ்காட்லாந்தின் மண்ணோடு வந்த ஆட்டம். 1511 என்று ஆண்டு பொறித்த ஒரு கல், டன்பிளேன் ஊரில் பழைய குளம் ஒன்றை வடித்தபோது கிடைத்தது. இன்றும் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள்.

அந்தக் கல்லின் எடை விதிப்படி 20 கிலோவுக்குச் சற்றுக் குறைவு வரை போகலாம். எந்தக் கல்லும் ஆகாது. ஸ்காட்லாந்தின் மேற்குக் கரைக்கு அப்பால் கடலில் தனியே எழுந்து நிற்கும் எய்ல்சா கிரெய்க் என்ற தீவின் கருங்கல்லுக்குத்தான் மரியாதை. அங்கே ஒருவகைக் கல் நீரை ஏறக்குறைய உறிஞ்சுவதே இல்லை. நீரை உறிஞ்சும் கல்லில் ஈரம் உள்ளே புகுந்து உறைந்து விரிந்தால் விரிசல் விடும். இது விடாது.

ஏரி உறைந்ததும் ஊரே கூடும். ஏரி முழுவதையுமா ஆட்டத்துக்கு எடுத்துக்கொள்வார்கள்? முடியாது. நீளமாக ஒரு துண்டை அளந்து, கோடு கிழித்து, மேலே கிடக்கும் பனித்தூளைப் பெருக்கித் தள்ளி ஒதுக்குவார்கள். இந்த முனையிலிருந்து அந்த முனைக்குக் கல் ஓடும். எதிரெதிர் முனைகள், நடுவே நீண்ட தரை. அவர்கள் வாயில் தயாராக ஒரு பழைய சொல் இருந்தது. குதிரை ஓடிய தரையின் பெயரைக் கல் ஓடும் பனிக்கு வைத்தார்கள். ரிங்க்!

இதற்கு அச்சில் கிடைக்கும் பழைய சாட்சிகளில் ஒன்று 1787. சாட்சி சொன்னவர் சாதாரண ஆள் அல்ல. ஸ்காட்லாந்தின் பெருங்கவி ராபர்ட் பர்ன்ஸ். கில்மார்னக் ஊரில் டாம் சாம்சன் என்றொருவர். வேட்டையிலும் கர்லிங்கிலும் தீராத பித்து. அவர் பேரில் பர்ன்ஸ் ஓர் இரங்கற்பா எழுதினார். அதிலே கர்லிங் களத்தில் சாம்சன் போட்ட ஆட்டத்தைப் பாடும்போது ரிங்க் என்ற சொல் வருகிறது. வேடிக்கை என்னவென்றால், இரங்கற்பா எழுதியபோது சாம்சன் நல்ல உடல்நலத்தோடு உயிருடன் இருந்தார்! ஆள் இருக்கும்போதே ஒப்பாரியா என்று கேட்க மாட்டாரா? கடைசியில் 'டாம் சாம்சன் சாகவில்லை' என்ற கருத்தில் ஒரு செய்யுளைப் பர்ன்ஸ் சேர்த்துவிட்டார். ஒரு பொய்ச் சாவு மெய்யான ஒரு சொல்லைக் காப்பாற்றிக் கொடுத்தது.

பழைய 'வரிசை' என்ற பொருள் கர்லிங்கில் இன்னும் மிச்சம் இருக்கிறது. நான்கு பேர் கொண்ட அணிக்கும் ரிங்க் என்றே பெயர். 'இன்னாருடைய ரிங்க்' என்றால் இன்னார் தலைமையில் ஆடும் நால்வர். புல்தரையில் பந்தை உருட்டி ஆடும் பவுல்ஸ் ஆட்டத்திலும் இதே கதைதான். சதுரமான புல்வெளியை நீளவாக்கில் பட்டை பட்டையாகப் பிரிப்பார்கள். ஒவ்வொரு பட்டையும் ஒரு ரிங்க். அங்கே பனி ஏது? புல்தான். ஆகவே பனி இருந்தால்தான் ரிங்க் என்று யாராவது வாதாடினால், அவரை ஒரு பவுல்ஸ் மைதானத்துக்கு அழைத்துப் போகலாம்.

இன்னொரு காட்சி. 1838இல் எடின்பரோவில் கர்லிங் ஆட்டக்காரர்களுக்குப் பொதுச் சங்கம் ஒன்று எழுந்தது. 1842இல் விக்டோரியா அரசியும் ஆல்பர்ட் இளவரசரும் ஸ்கோன் அரண்மனைக்கு வந்தார்கள். செப்டம்பர் மாதம். பனியில்லை. அரசிக்கு ஆட்டத்தைக் காட்டவேண்டுமே! அரண்மனையின் நீண்ட கூடத்தில், மெருகேற்றி வழவழவென்றிருந்த மரத்தரைமேல் கல்லை ஓட்டிக் காட்டினார்கள். மறு ஆண்டே சங்கத்தின் பெயருக்கு முன்னால் 'ராயல்' ஏறியது. அரண்மனைத் தரை ஒரு நாள் ரிங்க் ஆனது என்று சொன்னால் மிகையாகாது.

சரி, ஸ்கேட்டிங் செய்தவர்கள் அதுவரை எங்கே போனார்கள்? அவர்களும் அதே ஏரியில்தான் இருந்தார்கள். ஆனால் அவர்களுக்குக் கோடு தேவைப்படவில்லை. எடின்பரோவில் 18ஆம் நூற்றாண்டிலேயே ஸ்கேட்டிங் சங்கம் இருந்தது. உறுப்பினராகச் சேரத் தேர்வு உண்டு. ஒற்றைக் காலில் முழு வட்டம் அடிக்கவேண்டும். அடுத்து மறு காலில். பிறகு தொப்பிகளைத் தாண்டவேண்டும்: முதலில் ஒன்று, அப்புறம் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு, அப்புறம் மூன்று. ஹென்றி ரேபர்ன் வரைந்ததாகச் சொல்லப்படும் புகழ்பெற்ற ஓவியத்தில், கறுப்பு அங்கியும் தொப்பியுமாக ஒரு மதகுரு கைகளை மார்பில் கட்டியபடி டடிங்ஸ்டன் ஏரியில் அலட்சியமாக வழுக்கிச் செல்கிறாரே, ராபர்ட் வாக்கர், அவர் அந்தச் சங்கத்து உறுப்பினர். படத்தில் எல்லைக்கோடு இல்லை, சுவர் இல்லை. திறந்த ஏரி. அது ரிங்க் அல்ல. திறந்த வெளி உள்ளவரைக்கும் ஸ்கேட்டிங்குக்கு ரிங்க் என்ற சொல் வேண்டியிருக்கவில்லை.

எப்போது வேண்டிவந்தது? கூரை போட்டபோது.

ஸ்காட்லாந்துக்காரர்கள் கனடாவுக்குக் குடியேறினார்கள். போகும்போது கர்லிங்கையும் கொண்டுபோனார்கள். மான்ட்ரியால் நகரில் 1807இலேயே கர்லிங் சங்கம். சொல்லும் கப்பலேறிவிட்டது. கனடாக் குளிர் ஸ்காட்லாந்துக் குளிரைவிடப் பொல்லாதது, பனிப்பொழிவும் அதிகம். திறந்த பனிக்கட்டியை மணிக்கு ஒரு முறை வாரித் தள்ளவேண்டும். கூரை போட்டால் வாரவேண்டாம். 1862 டிசம்பரில் மான்ட்ரியாலில் ஒரு பெருங்கட்டடம் திறக்கப்பட்டது. பெயர்ப் பலகையிலேயே 'விக்டோரியா ஸ்கேட்டிங் ரிங்க்'. குளிரூட்டும் இயந்திரம் எதுவும் கிடையாது. ஜன்னல்களைத் திறந்துவிட்டால் போதும். கனடாக் காற்று வந்து வேலையைச் செய்துவிடும். இரவில் எரிவாயு விளக்கு, மேலே வளைந்த கூரை, மாறுவேட விழா, ஊர்ப் பெரிய மனிதர்கள்.

அந்தக் கூரையின் கீழே 1875 மார்ச் 3ஆம் தேதி ஒரு காரியம் நடந்தது. ஜேம்ஸ் கிரைட்டன் என்ற இளைஞர் ஏற்பாட்டில் ஒரு பக்கம் ஒன்பது பேர் வீதம் இரண்டு அணிகள் ஹாக்கி ஆடின. உள்ளரங்கில் முறைப்படி ஆடிய முதல் ஐஸ் ஹாக்கி ஆட்டம் என்று வரலாறு அதைத்தான் சொல்கிறது. பந்து துள்ளிப் பார்வையாளர் முகத்தில் பட்டுவிடக்கூடாது என்று பந்துக்குப் பதில் தட்டையான மரவட்டு. அதுவே இன்றைய பக்கின் முன்னோடி. இன்று வட அமெரிக்காவில் தொழில்முறை ஹாக்கி நடக்கும் 200 அடிக்கு 85 அடித் தளத்தின் அளவுக்கு இந்தக் கட்டடத்தின் பனித்தளமே மூலம் என்பார்கள்.

ஆட்டம் எப்படி முடிந்தது தெரியுமா? அடிதடியில்! அந்த நேரத்தில் ஸ்கேட்டிங் செய்ய வந்த ஆட்களுக்கும் ஹாக்கிக்காரர்களுக்கும் தகராறு மூண்டு, பெஞ்சுகள் உடைந்து, பெண்கள் ஓடித் தப்பியதாக அக்காலப் பத்திரிகைச் செய்தி சொல்கிறது. ஈட்டி போய் மட்டை வந்ததுதான் மிச்சம். ஹாக்கியில் இன்றைக்கும் அந்த வழக்கம் முழுதாக விட்டுப்போகவில்லை.

கனடாவுக்கு ஜன்னலைத் திறந்தால் குளிர். லண்டனுக்கு? அங்கே ஏரி ஓர் ஆண்டு உறையும், மறு ஆண்டு ஏமாற்றும். நம்பிப் போய் மெல்லிய பனி உடைந்து தண்ணீரில் விழுந்து இறந்தவர்கள் உண்டு. பனியைச் செய்தே தீர்வது என்று முயன்றார்கள். 1840களில் பன்றிக் கொழுப்பையும் உப்புகளையும் கலந்து போலிப் பனித்தளம் ஒன்று அமைத்தார்கள். வழுக்கியது, உண்மை. நாற்றம் சகிக்கவில்லை. அந்தக் கதை அவ்வளவுதான்.

உண்மையான வெற்றி ஒரு கால்நடை மருத்துவருக்குக் கிடைத்தது. ஜான் கேம்ஜி. அவர் கவலை ஸ்கேட்டிங் அல்ல, இறைச்சி. ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் ஆடு மாடு ஏராளம், இங்கிலாந்தில் உண்ணும் வாய்கள் ஏராளம். நடுவிலே கடல். இறைச்சியைக் கெடாமல் உறையவைத்துக் கொண்டுவரும் வழியைத் தேடிக்கொண்டிருந்தவர், தம் முறையில் ஒரு தரையையே உறையவைக்கலாம் என்று கண்டார். 1876 ஜனவரி 7. லண்டன் செல்சீ பகுதியில், இயந்திரத்தால் உறைந்த உலகின் முதல் பனித்தளம் திறந்தது. அதற்கு அவர் வைத்த பெயர் கிளேசியேரியம்.

அந்தத் தரையைச் சற்றுக் குனிந்து பார்க்கலாம். அடியில் கான்கிரீட். அதன்மேல் மண், மாட்டு முடி, மரப்பலகை என்று அடுக்கு அடுக்காக. குளிர் கீழே இறங்கிவிடாமல் தடுக்கும் மெத்தை அது. அதற்குமேல் நீள்வட்டக் குறுக்கு வெட்டுக் கொண்ட செப்புக் குழாய்கள். குழாய்க்குள் கிளிசரின், ஈத்தர், நைட்ரஜன் பெராக்சைடு, தண்ணீர் கலந்த கரைசல் ஓடும். குழாய்கள் மூழ்கும்படி மேலே தண்ணீர் விட்டால் உறைந்துவிடும். இரண்டு மாதத்தில் கேம்ஜி அதே பகுதியின் கிங்ஸ் ரோட்டில் நிலையான இடத்துக்கு மாறினார். அங்கே தளத்தின் அளவு 40 அடிக்கு 24 அடி. நம் ஊர்ச் சிறிய கல்யாணக் கூடத்தில் பாதிகூட வராது. சுவரெல்லாம் சுவிட்சர்லாந்தின் பனிமலைகளை வரைந்திருந்தார்கள். இசைக்குழு வாசிக்கத் தனி மாடம். பணக்கார உறுப்பினர்களுக்கு மட்டுமே அனுமதி. பத்திரிகைகள் கொண்டாடின. ஆனால் பனிக்கட்டியிலிருந்து எழுந்த மூடுபனி அறையை நிறைத்தது. செலவும் கையைக் கடித்தது. இரண்டொரு ஆண்டுகளில் கதவு மூடப்பட்டது.

கேம்ஜி சும்மா இருக்கும் ஆள் இல்லை. பிறகு அமெரிக்கா போய், அமோனியாவால் ஓயாமல் ஓடும் இயந்திரம் செய்யலாம் என்று கடற்படை அதிகாரிகளையே நம்பவைக்கப் பார்த்தார். இயற்பியல் சம்மதிக்கவில்லை. ஆனால் செல்சீயில் அவர் கண்ட முறை வாழ்ந்தது. இன்றைய ஐஸ் ரிங்க்கின் கான்கிரீட்டுக்குள்ளும் குழாய்தான் ஓடுகிறது. குழாய்க்குள் கடுங்குளிர்ந்த உப்புக்கரைசல் ஓடுகிறது. மேலே தண்ணீரை மெல்லிய தூறலாகத் தெளித்து, உறையவைத்து, மறுபடி தெளித்து, வெள்ளை பூசி, கோடு வரைந்து, அதன்மேல் மறுபடியும் தெளிப்பார்கள். மொத்தத் தடிமன் ஓர் அங்குலத்தை ஒட்டித்தான். நாம் திரையில் பார்க்கும் சிவப்புக் கோடும் நீலக் கோடும் பனிக்கட்டிக்கு உள்ளே கிடக்கின்றன.

உணவுக்காகக் கண்டுபிடித்த குளிர் விளையாட்டுக்கு வந்தது ஒருமுறை மட்டும் அல்ல. கலிஃபோர்னியாவில் ஃபிராங்க் ஸாம்போனி குடும்பத்துக்குப் பனிக்கட்டிப் பாளம் செய்து விற்கும் தொழில். காய்கறிச் சரக்கு கெடாமல் இருக்க அது வேண்டும். வீட்டுக்கு வீடு குளிர்சாதனப் பெட்டி வரத் தொடங்கியதும் பாளத்துக்கு மவுசு குறைந்தது. கையில் இருந்த வித்தையை வைத்து 1940இல் ஒரு ஸ்கேட்டிங் ரிங்க் திறந்தார்கள். அங்கே புதுத் தொல்லை. சறுக்கிச் சறுக்கிப் பனி கீறல் விழுந்துவிடும். சுரண்டி, கழுவி, தண்ணீர் விட்டு மறுபடி சமப்படுத்த ஆட்களுக்கு ஒரு மணி நேரத்துக்கும் மேலே ஆகும். ஸாம்போனி 1949இல் ஒரு வண்டி செய்தார். அடியில் கத்தி சீவும், சீவிய தூளை வண்டியே வாரிக்கொள்ளும், கழுவும், பின்னால் ஈரத்துணி வெந்நீரைப் பரப்பிக்கொண்டே வரும். வெந்நீரா? ஆம். அது மேற்பரப்பைச் சற்றே இளக்கி, கீறலுக்குள் இறங்கி, ஒன்றாக உறையும். பச்சைத் தண்ணீர் விட்டால் மேலே தனி ஏடாக நிற்கும்.

பனியைவிட்டுச் சக்கரத்துக்கு வருவோம். சக்கரக் காலணிப் பையை மடியில் வைத்துக்கொண்டு முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பிள்ளைகள் பொறுமையிழந்துகொண்டிருக்கிறார்கள்.

காலில் சக்கரம் கட்டும் ஆசை 18ஆம் நூற்றாண்டிலேயே உண்டு. லண்டனில் ஜான் ஜோசப் மெர்லின் என்ற கருவிக் கலைஞர் ஒரு மாறுவேட விருந்தில் சக்கரக் காலணி போட்டு வயலின் வாசித்தபடி உருண்டு வந்து, நிற்கத் தெரியாமல் விலையுயர்ந்த நிலைக்கண்ணாடியில் மோதியதாக ஒரு கதை வழங்குகிறது. 1849இல் பாரிஸில் இசையமைப்பாளர் மேயர்பியரின் இசைநாடகத்தில் உறைந்த ஏரிக் காட்சிக்காக நடனக்காரர்கள் மேடையில் சக்கரத்தில் வழுக்கினார்கள். ஆனால் இந்தச் சக்கரங்கள் நேராகப் போகும், திரும்பாது. 1863இல் நியூயார்க்கில் ஜேம்ஸ் பிளிம்ப்டன் முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு என்று சக்கரம் அமைத்து, அடியில் ரப்பர் மெத்தை கொடுத்தார். உடம்பைச் சாய்த்தால் சக்கரம் அந்தப் பக்கம் திரும்பும்! அவர் நியூபோர்ட் நகரில் ஒரு விடுதியின் சாப்பாட்டுக் கூடத்தைச் சறுக்குத்தளமாக்கி 1866இல் கூட்டம் சேர்த்தார்.

இந்தத் தரைக்கு என்ன பெயர் வைப்பது? பனி இல்லை. கல் இல்லை. ஈட்டி இல்லை. இருந்தும் யாரும் தயங்கவில்லை. ரிங்க் என்றே அழைத்தார்கள். 1870களின் நடுவில் இங்கிலாந்து முழுக்க ஊருக்கு ஊர் ரிங்க் முளைத்தது. மழை பெய்தாலும் ஆடலாம், கோடையிலும் ஆடலாம். இளைஞனும் இளம்பெண்ணும் பெரியவர்கள் பார்வையில் இருந்தபடியே கைகோத்துச் சுற்றலாம். இந்தக் கடைசி வசதிதான் பெருங்கூட்டத்துக்குக் காரணம் என்று எண்ண இடமிருக்கிறது. இந்தப் பித்துக்கு அவர்களே ஒரு பெயர் வைத்தார்கள்: ரிங்கோமேனியா. ஒரு சொல்லுக்குப் பைத்தியமே பிடித்துவிட்டது!

ஆங்கிலேயர் வழியே சொல் இந்தியாவுக்கும் வந்தது. சிம்லாவில் 1920இல் பிளெஸ்ஸிங்டன் என்பவர் ஒரு குளிர்காலக் காலையில் டென்னிஸ் தளத்தில் சிந்திய தண்ணீர் பளிங்காக உறைந்திருப்பதைக் கண்டார். இன்னும் கொஞ்சம் தண்ணீர் விட்டால் என்ன என்று யோசித்தார். அதுதான் சிம்லா ஐஸ் ஸ்கேட்டிங் ரிங்க். அங்கே இன்றும் இயற்கைக் குளிரே வேலைக்காரன். சாயங்காலம் தளத்தைச் சீராக்கித் தண்ணீர் தெளிப்பார்கள். வானம் தெளிவாக இருந்தால் தரையின் சூடு இரவோடு மேலே போய்விடும், விடியலில் பனி தயார். மேகம் மூடினால் சூடு தங்கிவிடும், அன்றைக்கு ஆட்டம் இல்லை. அதனால் வானிலை அறிக்கையை அங்கே விவசாயியின் கவலையோடு படிக்கிறார்கள். குளிர் குறையக் குறைய, ஆடும் நாட்களும் குறைந்து வருகின்றன.

தமிழ்நாட்டுக்குப் பனி வராது. வரவேண்டியதும் இல்லை. 2023இல் ஹாங்சோ ஆசிய விளையாட்டுப் போட்டியில் 3000 மீட்டர் ரோலர் ஸ்கேட்டிங் தொடரோட்டத்தில் இந்திய ஆண்கள் அணி வெண்கலம் வென்றது. பெண்கள் அணியும் வென்றது. ஆண்கள் அணியில் தமிழகத்தின் ஆனந்த்குமார் வேல்குமார். பெண்கள் அணியில் நம் ஆரத்தி கஸ்தூரிராஜும் கார்த்திகா ஜெகதீஸ்வரனும். 2025 செப்டம்பரில் சீனாவின் பெய்தாய்ஹேயில் நடந்த உலக வேகச் சறுக்குப் போட்டியில் ஆனந்த்குமார் 1000 மீட்டரை 1 நிமிடம் 24.924 நொடியில் முடித்துத் தங்கம் வாங்கினார். அந்தப் பிரிவில் இந்தியாவுக்கு முதல் உலகத் தங்கம். 500 மீட்டரில் வெண்கலமும் அவருக்கே.

இப்படிப்பட்ட பிள்ளைகளில் பலர் எங்கே பழகத் தொடங்குகிறார்கள் என்று விடிகாலை ஐந்தரை மணிக்கு எழுந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். பேருந்து ஓடத் தொடங்குமுன் காலியாகக் கிடக்கும் தார்ச்சாலையில், தலைக்கவசமும் முழங்கால் உறையுமாக, வேகத்தடையைத் தாண்டித் தாண்டி. பயிற்சியாளர் ஒரு கண்ணைப் பிள்ளைகள் மேலும் இன்னொரு கண்ணைப் பால் வண்டி மேலும் வைத்திருப்பார். அது ரிங்க் அல்ல. அது சாலை.

ரிங்க் வேண்டுமென்றால் என்ன வேண்டும்? அறுநூறு ஆண்டுக் கதை முழுவதிலும் பனி வந்தது, போனது. கூரை வந்தது, போனது. குதிரையும் கல்லும் குழாயும் வந்து போயின. எல்லாக் காலத்திலும் மாறாமல் இருந்தவை இரண்டே: சமமான தரை, அதைச் சுற்றி ஓர் எல்லை. அதற்கு அமோனியாவும் வேண்டாம், செப்புக் குழாயும் வேண்டாம். குழி விழாத வழவழப்பான கான்கிரீட், பிள்ளைகள் மோதினால் தாங்கும் கைப்பிடிக் கம்பி, மழைநீர் தேங்காமல் ஓட ஒரு வடிகால், இரவில் நாலு விளக்கு.

இந்த அவையில் நகராட்சி உறுப்பினர்கள் இருக்கிறீர்கள், பள்ளித் தாளாளர்கள் இருக்கிறீர்கள், குடியிருப்போர் நலச் சங்கத்தார் இருக்கிறீர்கள். அடுத்த பூங்காவுக்கு வரைபடம் போடும்போது நீரூற்றுக்கும் சிலைக்கும் ஒதுக்குகிற இடத்தில் ஒரு பகுதியை இந்தப் பிள்ளைகளுக்குக் கொடுங்கள். வார்டுக்கு ஒன்று இயலாவிட்டால் மண்டலத்துக்கு ஒன்றாவது கொடுங்கள். பலகையில் ரிங்க் என்று எழுதினாலும் சரி, சறுக்குக்களம் என்று எழுதினாலும் சரி. வரும் நிதியாண்டிலேயே தொடங்குங்கள்.